சென்னை வெயிலில் ஓர் இறால் தொட்டி

1850 வாக்கில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடிக் கலத்தில் தண்ணீர் நிரப்பி, இரண்டு சின்னத் தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் விட்டுப் பார்த்தார். செடி மீனுக்கு ஆக்சிஜன் தரும், மீனின் கழிவு செடிக்கு உரமாகும், தண்ணீரை மாற்றாமலே காலம் தள்ளலாம் என்பது கணக்கு. கணக்கு முழுதாகப் பலிக்கவில்லை. பழுத்த இலைகள் அழுகின, கண்ணாடியில் பச்சை வழுவழுப்பு படர்ந்தது, தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகளை விட்ட பிறகுதான் தொட்டி தெளிந்தது. அழுகுவதைத் தின்று தீர்க்க மூன்றாவதாக ஓர் உயிர் வேண்டும் என்பது அப்போது தெரிந்தது. இன்று வீடுகளில் வைக்கும் சின்னச் செடித் தொட்டிகளில் அந்த மூன்றாவது இடத்தை நன்னீர் இறால் பிடித்திருக்கிறது. பல தொட்டிகளில் மீனே கிடையாது. செடியும் இறாலும் மட்டும்தான்.

இப்படியொரு தொட்டியை எப்படி அமைப்பது என்பதைப் பற்றிய அறிவு ஏராளமாகச் சேர்ந்திருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஜப்பான், தைவான், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் உருவானது. அங்கே குளிர்காலத்தில் தொட்டிக்கு ஹீட்டர் வாங்குகிறார்கள். இங்கே மே மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் தொட்டித் தண்ணீர் தானாகவே 32 டிகிரியைத் தொடுகிறது. சென்னையில் ஒரே தெருவில் மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எல்லாம் புழங்குகின்றன. ஒன்றின் குணம் மற்றொன்றுக்கு இல்லை. வெளியூர்க் குறிப்புகளை அப்படியே பின்பற்றுவதுதான் இங்கே பல இறால் தொட்டிகள் முதல் கோடையைத் தாண்டாததற்குக் காரணம் என்று கருதுகிறேன். அந்த அறிவில் எது இங்கே செல்லும், எது செல்லாது என்பதையே இக்கட்டுரை பார்க்கிறது.

செடித் தொட்டியில் இரண்டு பெரிய மரபுகள் உண்டு. ஒன்று தகாஷி அமானோவினுடையது. நீகாதாவில் பிறந்து, சைக்கிள் பந்தய வீரராக இருந்து, நிலக்காட்சிப் புகைப்படக்காரரான அவர் 1982-ல் அக்வா டிசைன் அமானோ நிறுவனத்தைத் தொடங்கினார். வளமூட்டிய மண், வலுவான விளக்கு, சிலிண்டரிலிருந்து கரியமில வாயு, வாராவாரம் தண்ணீர் மாற்றம் என்பது அவர் வழி. பாசியைக் கட்டுப்படுத்த ஓடைகளில் வாழும் ஓர் இறாலைத் தொட்டிக்குக் கொண்டுவந்து பரப்பியதும் அவரே. அது இன்று அமானோ இறால் என்றே விற்கப்படுகிறது. 2015-ல் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு லிஸ்பன் கடற்காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத் தொட்டியை அமைத்துக் கொடுத்தார். மற்ற மரபு டயானா வால்ஸ்டாடினுடையது. நுண்ணுயிரியலாளரான இந்த அமெரிக்கர் 1999-ல் வெளியிட்ட நூலில், சாதாரணத் தோட்ட மண்ணை அடியில் போட்டு, மேலே சரளை பரப்பி, நிறையச் செடி நட்டுவிட்டால் செடிகளே வடிகட்டியாக வேலை செய்யும் என்று விளக்கினார். நீர்ச்செடிகளில் பெரும்பாலானவை நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே விரும்பி உறிஞ்சும் என்பது அவர் வாதத்தின் அச்சாணி.

இறாலுக்கும் நம் ஊருக்கும் இரண்டாவது வழியே பொருந்தும் என்பது என் முடிவு. கரியமில வாயு ஏற்றும் தொட்டியில் அதன் அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை போகும். குளிர்ந்த நீரில், ஆக்சிஜன் நிறைந்திருக்கும்போது, இறால் அதைத் தாங்கும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 32 டிகிரியில் 7.3 மில்லிகிராமுக்கு மேல் நிற்காது. வெப்பம் கூடும்போது உயிரின் மூச்சுத் தேவையும் கூடுகிறது. இருப்பு குறைந்து தேவை ஏறியிருக்கும் நேரத்தில் கரியமில வாயுவையும் ஏற்றுவது ஆபத்து. கரியமில வாயு இல்லாமல் வளராத தரைப்பச்சைச் செடிகளை விட்டுவிட்டால் சிலிண்டரின் தேவையே எழாது.

எந்த இறால் என்பது அடுத்த கேள்வி. கடைகளில் மூன்று வகைகள் முக்கியம். கண்ணைப் பறிக்கும் சிவப்பு வெள்ளைப் பட்டைகளோடு இருப்பது கிரிஸ்டல் ரெட். 1990-களில் ஜப்பானைச் சேர்ந்த ஹிசயாசு சுசுகி, தன் கறுப்புப் பட்டை இறால்களுக்கிடையே தோன்றிய சிவப்பு மாறுபாட்டைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது. தென்சீன மலை ஓடைகளின் வழிவந்த இதற்கு மென்மையான, சற்று அமிலத் தன்மையுள்ள, 20 முதல் 24 டிகிரி வரை குளிர்ந்த தண்ணீர் வேண்டும். இரவும் பகலும் ஏ.சி. ஓடும் அறையோ, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரோ இல்லாமல் சென்னையில் இதை வாங்குவது அதைக் கொல்வதற்குச் சமம். அமானோ இறால் கொஞ்சம் வலியது, ஆனால் வீட்டில் பெருகாது. அதன் நுண்புழுக்கள் உப்புநீரில்தான் வளரும். மிஞ்சுவது செர்ரி இறால் எனப்படும் நியோகாரிடினா டேவிடி. சீனா, தைவான் பகுதிகளின் இந்தச் சிற்றினம் இயற்கையில் பழுப்பும் பச்சையுமாக மங்கலாக இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் மனிதர் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய நிறங்கள். அதனால்தான் பல நிறங்களை ஒரே தொட்டியில் கலந்து விட்டால் சில தலைமுறைகளில் குஞ்சுகள் பழைய மங்கல் நிறத்துக்கே திரும்பிவிடுகின்றன. ஒரு தொட்டிக்கு ஒரு நிறம் போதும்.

செர்ரி இறாலுக்கு நுண்புழுப் பருவம் கிடையாது. தாய் 20, 30 முட்டைகளை வயிற்றடியில் சுமந்து விசிறிக்கொண்டே இருக்கும்; மூன்று, நான்கு வாரத்தில் அச்சு அசலாகத் தாயைப் போன்ற, இரண்டு மில்லிமீட்டர் நீளக் குஞ்சுகள் வெளிவரும். நாலைந்து மாதத்தில் பத்து நூறாவது சாதாரணம். ஆனால் இதற்கும் வெப்ப வரம்பு உண்டு. 24, 28, 32 டிகிரிகளில் இந்த இறாலை வளர்த்து ஒப்பிட்ட ஆர்ஜென்டினா ஆய்வாளர்கள் 32 டிகிரியில் இனப்பெருக்கம் தடைபடுவதைக் கண்டார்கள். வெப்பம் கூடினால் குஞ்சுகளில் ஆண்களின் பங்கு கூடுகிறது என்பதும் தெரிய வந்திருக்கிறது. ஆகவே 'இறால் சாகவில்லை' என்பதோடு திருப்தி அடைய முடியாது. கோடையில் 29, 30 டிகிரிக்குள் தொட்டியை வைத்திருக்க முடிந்தால்தான் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு நிலைக்கும்.

அதற்கு என்ன வழி? முதல் வழி இடம். மேற்குச் சுவரையும் மொட்டைமாடிக்கு நேர்கீழான அறையையும் தவிர்த்து, வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் தாழ்வாக வைக்க வேண்டும். இரண்டாவது, அளவு. மேசை மேல் வைக்கும் ஐந்து லிட்டர் கண்ணாடிக் குடுவை பார்க்க அழகாக இருக்கும். மதியத்தில் சூடாகி விடியலில் ஆறும், ஒரு சிட்டிகை உணவு மிஞ்சினாலும் கெடும். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 40 லிட்டர் பிடிக்கும். சின்னது என்ற சொல்லுக்கு இங்கே அதுவே கீழ்வரம்பாக இருக்கட்டும். மூன்றாவது, விசிறி. நீர்ப்பரப்பின் மேல் சின்ன விசிறி வீசினால் ஆவியாதல் வெப்பத்தைக் கொண்டுபோகும். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். திருச்சி, மதுரை போன்ற உலர்ந்த ஊர்களில் இது நன்றாகவே வேலை செய்யும். கடற்காற்றின் ஈரம் நிறைந்த சென்னையில் பலன் குறைவு, ஆனாலும் அந்த இரண்டு டிகிரிதான் பல நாள் உயிரைக் காக்கும். பனிக்கட்டி போடுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரு மணி நேரத்தில் நாலு டிகிரி இறங்கி மறுபடி ஏறுவது நிலையான 30 டிகிரியைவிட மோசம். விளக்கை மதியத்தில் எரிக்காமல் மாலை ஐந்து முதல் இரவு பதினொன்று வரை வைத்துக்கொண்டால் விளக்கின் சூடும் வெயிலின் சூடும் ஒன்று சேராது.

விசிறி போட்டால் தண்ணீர் தினமும் குறையும். குறைந்ததைக் குழாய்த் தண்ணீரால் நிரப்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆவியாவது தூய நீர் மட்டும். உப்பு முழுவதும் உள்ளேயே தங்கிவிடுகிறது. மேலும் மேலும் உப்புள்ள தண்ணீரை ஊற்றினால் இரண்டு மாதத்தில் தொட்டி வேறு தண்ணீராகிவிடும். ஈடு செய்ய ஊற்றுவது ஆர்.ஓ. தண்ணீராக இருக்க வேண்டும்.

தண்ணீர் என்று வந்துவிட்டதால் அதை விரிவாகவே பார்த்துவிடலாம். இறால் வளர்ப்பில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம். இறால் ஓடு கழற்றி வளரும் உயிர். பழைய ஓட்டைக் கழற்றிப் புதியதை இறுக்க அதற்குத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் வேண்டும். இவற்றின் அளவைத்தான் பொதுக் கடினத்தன்மை, சுருக்கமாக ஜி.எச்., என்கிறார்கள். செர்ரி இறாலுக்கு இது 6 முதல் 10 ஜெர்மன் டிகிரி வரை, அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 110 முதல் 180 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது. குறைந்தால் ஓடு பிளக்காமல் கழுத்தருகே வெள்ளை வளையம் தோன்றி இறால் சாகும். வீட்டு ஆர்.ஓ. மெஷின் தண்ணீரை மட்டும் நிரப்பியவர்கள் வழக்கமாகக் காணும் காட்சி இது.

கடைக்காரர்கள் தரும் டி.டி.எஸ். மீட்டர் கரைந்திருக்கும் மொத்த உப்பைச் சொல்லும், எந்த உப்பு என்பதைச் சொல்லாது. போர் தண்ணீர் 1000 காட்டுகிறது என்று வையுங்கள். அது சுண்ணாம்பால் வந்த கடினமாக இருக்கலாம்; கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறிய மீஞ்சூர் போன்ற பகுதிகளில் பெரும்பாலும் சோடியம் குளோரைடாக இருக்கலாம். முதலாவதை ஒரு பங்கு எடுத்து, 50 காட்டும் ஆர்.ஓ. தண்ணீர் நாலு பங்கு சேர்த்தால் 240 கிடைக்கும்; இறாலுக்கு ஏற்ற தண்ணீர். இரண்டாவதையும் அதே விகிதத்தில் கலந்தால் மீட்டரில் அதே 240 தெரியும், ஓடு இறுகக் கால்சியம் மட்டும் போதாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஜி.எச். சொட்டுமருந்துச் சோதனை இல்லாமல் தொட்டி தொடங்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு, ஆர்.ஓ. தண்ணீரில் இறாலுக்கென விற்கும் கனிமத் தூளைக் கரைத்துக்கொள்வதே சரி. மெட்ரோ தண்ணீர் கிடைப்பவர்களுக்கு வேலை எளிது, குளோரின் மட்டும் போக வேண்டும். ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்தாலோ, ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்ஃபேட் சில துளி விட்டாலோ அது நீங்கிவிடும்.

மீன் மருந்துகளில் செம்பு உள்ளவற்றைத் தொட்டியின் பக்கமே கொண்டுவரக் கூடாது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோசயனின் என்ற பொருளில் இரும்புக்குப் பதில் செம்பை வைத்திருக்கும் உயிர் இறால். ஆனால் தண்ணீரில் கரைந்த செம்பு சிறிதே மிகுந்தாலும் அதற்கு நஞ்சு.

தொட்டியில் கழிவு எப்படித் தீர்கிறது என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாக ஒரே விடை சொல்லப்பட்டு வந்தது. ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதலாவது நைட்ரோசோமோனாஸ், இரண்டாவது நைட்ரோபாக்டர். இந்த விடை கடந்த சில பத்தாண்டுகளில் கலைந்துவிட்டது. 1998-ல் திமோதி ஹோவனெக்கும் உடன் ஆய்வாளர்களும் நன்னீர்த் தொட்டிகளில் இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று காட்டினார்கள். 2011-ல் கனடாவில் நடந்த ஆய்வில், பல தொட்டி வடிகட்டிகளில் முதல் வேலையைச் செய்வது பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா எனும் வேறு உயிர்க்குலம் என்று தெரிந்தது. 2015-ல் இரண்டு வேலையையும் தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் கண்டுபிடிக்கப்பட்டன. தொட்டி வைப்பவருக்கு இதில் பயன் இருக்கிறது. கடையில் விற்கும் பாக்டீரியாப் புட்டிகளில் எதில் எந்த உயிர் அடைக்கப்பட்டிருக்கிறது, கடை வெயிலில் நின்று அதில் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் நிச்சயமில்லாத விஷயம். நன்றாக ஓடும் பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைப் புதிய தொட்டியில் பிழிந்துவிட்டால் இந்த உயிர்க்கூட்டம் முழுவதும் ஒருசேர வந்துவிடும்.

நம் வெப்பம் உதவும் ஒரே கட்டம் இதுதான். 28 டிகிரியில் இந்த நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருகுகின்றன. மூன்று நாலு வாரத்திலேயே அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யமாகிவிடக்கூடும். ஆனால் இறாலுக்கு அது மட்டும் போதாது. இறால் நாள் முழுவதும் மேய்வது இலையிலும் கல்லிலும் கட்டையிலும் படியும் உயிர்ப்படலத்தை. பாக்டீரியா, நுண்பாசி, பூஞ்சை, ஓரணு உயிர்கள் எல்லாம் பின்னிக் கிடக்கும் அந்த மெல்லிய பூச்சு உருவாக இன்னும் ஒரு மாதமாவது ஆகும். குஞ்சு இறாலுக்கு வேறு உணவே தேவையில்லை, அதுவே எல்லாம். புதுத் தொட்டியில் பெரிய இறால்கள் பிழைத்து, குஞ்சுகள் மட்டும் காணாமல் போவது பெரும்பாலும் பசியால். செடி நட்ட நாளிலிருந்து இரண்டு மாதம் இறால் வாங்காமல் இருப்பவருக்குத் தொட்டி தானாகவே உதவும்.

செடி விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். உலகமே தேடி வாங்கும் நீர்ச்செடிகள் பல நம் பருவமழை நிலத்தின் பிள்ளைகள். கிரிப்டோகோரைன் வெண்ட்டி, கிரிப்டோகோரைன் பெக்கெட்டி ஆகியவற்றின் தாயகம் இலங்கை. வயல் வரப்பிலும் குளக்கரையிலும் கிடக்கும் நீர்ப்பிரமி தண்ணீருக்குள்ளும் நேராக நிமிர்ந்து வளரும். ஹைக்ரோபிலா டிஃபார்மிஸ் இந்தியத் துணைக்கண்டத்தின் செடி. அது வேகமாக வளர்வதால் அம்மோனியாவையும் வேகமாக உறிஞ்சும். வேலம்பாசி, வாலிஸ்னேரியா இரண்டும் வெப்பத்துக்கு அஞ்சாதவை. இவற்றோடு குஞ்சுகள் ஒளியவும் மேயவும் ஒரு கைப்பிடி ஜாவா பாசிச்செடி போதும். கிரிப்டோகோரைனை இடம் மாற்றி நட்டால் இலையெல்லாம் கரைந்து போகும். செத்துவிட்டதென்று பிடுங்கக் கூடாது. வேர் உயிரோடு இருக்கும், சில வாரத்தில் புது இலை விடும்.

அடிமண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அக்வா சாயில் என்ற விலை உயர்ந்த வளமூட்டிய மண் தண்ணீரின் பி.எச். அளவைக் குறைக்கும் தன்மையுடையது. நம் போர் தண்ணீரின் காரத்தன்மை அந்தச் சக்தியைச் சில மாதத்தில் தீர்த்துவிடும். கொடுத்த காசு வீண். முதல் வாரங்களில் அது அம்மோனியாவையும் வெளியேற்றும். செர்ரி இறாலுக்கு நன்கு கழுவிய சன்னச் சரளையும், வேர்ச்செடிகளின் அடியில் புதைக்கும் உர வில்லையும் போதும்.

இனி நஞ்சு. பல இறால் தொட்டிகளில் ஒரே இரவில் எல்லாம் மடிவதற்குத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துக் காரணம் தேடுகிறார்கள். காரணம் சுவரில் செருகியிருக்கும். கொசுவிரட்டித் திரவங்களிலும் கொசுவத்திகளிலும் இருப்பவை பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்துகள். இவை பூச்சியைக் கொல்லும் அதே வழியில் இறாலையும் கொல்லும், மீனைவிட எளிதாக. அறையில் ஓடும் ஏர் பம்ப் அந்தக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதுகிறது. டெங்கு காலத்தில் வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்கள் தொட்டிகளிலும் சம்ப்புகளிலும் ஊற்றும் அபேட் மருந்து டெமெஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லி. அவர்கள் செய்வது அவசியமான வேலை. அதை ஊற்றிய தண்ணீரை மட்டும் இறாலுக்கு எடுக்கக் கூடாது. புகை அடிக்கும் மாலையில் ஜன்னலை மூடி, பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியால் மூடிவைக்கலாம். பண்ணையில் வளர்ந்து வரும் செடிகளிலும் மருந்து ஒட்டியிருக்கும். பல முறை தண்ணீர் மாற்றி ஒரு வாரமாவது தனி வாளியில் வைத்த பிறகே அவை உள்ளே போக வேண்டும். திசுவளர்ப்பில் வந்த செடிக்கு இந்தப் பயம் இல்லை. வாளியில் வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. செடியோடு வரும் ஊசித்தும்பியின் இளவுயிரி ஒன்று போதும், இறால் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தின்று தீர்க்க.

மீன் இல்லாத தொட்டியில் கொசு முட்டையிடுமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இறால் கொசுப்புழுவை வேட்டையாடாது. கப்பி மீனை விட்டால் கொசுப்புழு தீரும், இறால் குஞ்சும் சேர்ந்து தீரும். சரியான விடை, நீர்ப்பரப்பு அசைந்துகொண்டே இருப்பதும் மேலே வலை மூடியும்தான். ஏர் பம்பில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் பரப்பை அசைக்கும், குஞ்சுகளை உறிஞ்சாது, அதன் மேற்பரப்பே மேய்ச்சல் நிலமாகும். அப்படியும் புழு தெரிந்தால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து கொசுப்புழுவை அழிக்கும், இறாலைத் தொடாது.

உணவு பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஏனென்றால் செய்யவேண்டியது குறைவு. 40 லிட்டரில் பதினைந்து இறாலுக்கு வாரம் இரண்டு முறை, இரண்டு மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். தெருவில் உதிரும் நாட்டு வாதுமையின் காய்ந்த சருகைக் கழுவிப் போட்டால் அதில் படலம் வளர்ந்து மாதக்கணக்கில் மேய்ச்சல் கிடைக்கும். வீட்டில் வளர்ந்த முருங்கைக்கீரையை வெந்நீரில் முக்கிப் போடலாம். கடைக்கீரையில் தெளித்த மருந்தை நம்ப முடியாது. வேப்பிலை வேண்டாம், அதிலுள்ள அசாடிராக்டின் ஓடு கழற்றும் உயிர்களின் வளர்ச்சியைக் குலைக்கும்.

வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம், அதே டி.டி.எஸ்., அதே வெப்பம், மெதுவாக. புதிய இறாலை விடும்போது மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றிரண்டு மணி நேரம் அதன் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போகிறவர்கள், விமானத்தில் வந்திறங்கிய இறாலைவிட உள்ளூர் வளர்ப்பாளரிடம் பிறந்ததைத் தேடிப் பிடிப்பது நல்லது. நம் தண்ணீரில் பிறந்தது அது. மின்வெட்டுக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், சென்னையின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. இரவில் செடிகளும் ஆக்சிஜனை உண்ணும் என்பதால் விடியற்காலைதான் ஆபத்தான நேரம். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று அலமாரியில் இருக்கட்டும்.

கூட்டம் பெருகும்போது, மிஞ்சியதை ஏரியில் விட்டுவிடலாம் என்று தோன்றும். கூடாது. தொட்டியிலிருந்து தப்பிய செர்ரி இறால் ஜெர்மனியில் அனல் மின்நிலையத்தின் வெந்நீர் கலக்கும் ஓடையில் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டு ஏரிகளில் சக்கர் மீன் எப்படிப் பரவியது என்பதை வலை வீசும் எவரும் சொல்வார்; அதுவும் யாரோ வீட்டுத் தொட்டியிலிருந்து வெளியே விட்டதுதான். கேரளத்தின் நீர்நிலைகளைக் கபோம்பா செடி அடைத்திருக்கிறது. நம் குளங்களிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலும் நம்முடைய கூனி இறால்களே பல இனங்கள் வாழ்கின்றன. அவற்றின் இடத்துக்கு வெளியாள் வேண்டாம். மிஞ்சிய இறாலை இன்னொரு வளர்ப்பவருக்குக் கொடுக்கலாம், கடையில் மாற்றிக்கொள்ளலாம். கத்தரித்த செடித் துண்டுகளைச் சாக்கடையில் வீசாமல் வெயிலில் காயவைத்துக் குப்பைக் குழியில் போட வேண்டும். மாற்றி எடுத்த தண்ணீரைப் பூந்தொட்டிக்கு ஊற்றலாம். அதிலுள்ள நைட்ரேட் கறிவேப்பிலைக்கு நல்ல உரம்.